எலுமிச்சை மரமும் லில்லிக் கிழங்கும்

அண்மையில் மாத்தளைக்குச் சென்றிருந்தேன். ரத்தோட்டைக்கு மேலே உள்ள தோட்டமொன்றில் என் தமக்கையின் மகள் குடும்பத்தோடு வசிக்கிறாள். மூன்று தலைமுறைகளாக லயக் காம்பராவில் வாழ்ந்த குடும்பம், இப்போது ஏழு பேர்ச் காணியில் கட்டப்பட்ட தனி வீட்டுக்கு வந்திருக்கிறது. வீட்டின் முன்னால் சிறிது மண் வெறுமையாகக் கிடந்தது. தேநீர் கொடுத்துவிட்டு அவள் கேட்டாள்: "மாமா, இந்த எடத்துல எலுமிச்சை வைக்கவா, லில்லி வைக்கவா? ரெண்டுக்கும் எடம் பத்தாது."

நான் விவசாயம் படித்தவன் அல்லன். பல்கலைக்கழகத்தில் கலைப்பட்டம் பெற்று, முப்பது ஆண்டுகள் செய்தித்தாள்களில் குப்பை கொட்டியவன். இருந்தாலும் அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல முடியாமற் போனதற்கு என் அறியாமை மட்டும் காரணமில்லை. மலையகத் தமிழரின் இருநூறு ஆண்டுக் காணிப் பிரச்சினை முழுவதும் அந்த ஒரு கேள்விக்குள் இருப்பதாக எனக்குத் தோன்றியது. கொழும்பு திரும்பும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அந்த நினைவுகளே இக்கட்டுரை.

முதலில் இரண்டு செடிகளையும் பற்றி. மலையகத்தார் எலுமிச்சை என்பதை யாழ்ப்பாணத்தார் தேசி என்பர். சிங்களத்தில் அது தெஹி. விதையிலிருந்து வளர்த்தால் காய்ப்பதற்கு நான்கைந்து ஆண்டுகள் ஆகும். ஒட்டுக்கன்று என்றால் சற்று முன்னதாகவே காய்க்கும். நீர் தேங்கும் நிலம் அதற்கு ஆகாது. சில வாரங்கள் வெயிலில் காய்ந்து, பின்பு மழை பெய்தால் மரம் பூத்துக் குலுங்கும். வேர்பிடித்துவிட்டால் ஒரு தலைமுறைக்குக் காய் தரும். ஒரு மரத்துக்கு ஏறக்குறைய ஐந்து மீட்டர் நீளமும் ஐந்து மீட்டர் அகலமும் உள்ள இடம் விட வேண்டும் என்பது பொதுவான கணக்கு.

லில்லி என்று எங்கள் பக்கத்தில் சொல்வது, வெங்காயம் போன்ற கிழங்கிலிருந்து நீண்ட தண்டு எழும்பி, அதன் உச்சியில் எக்காளம் போல விரியும் சிவப்புப் பூ. தாவரவியலாளர் அதை ஹிப்பியாஸ்ட்ரம் என்று அழைக்கிறார்கள். (கிழங்குப் பூ என்றதும் தமிழ் வாசகர்களின் நினைவு காந்தளுக்குச் செல்லும் என்பதை அறிவேன். அது தமிழ்நாட்டின் மாநில மலர்; ஈழத்தில் அதற்கு வேறொரு வரலாறும் உண்டு. இங்கு நான் பேசுவது அதைப் பற்றியல்ல.) லில்லிக்கு ஓர் அடி இடம் போதும். நிலம் இல்லையென்றால் மண்ணெண்ணெய்த் தகரத்திலும் வளரும். கோடையில் இலை வாடினாலும் கிழங்கு மண்ணுக்குள் உறங்கிக் கிடந்து, மழை கண்டதும் விழித்துக்கொள்ளும். தாய்க் கிழங்கைச் சுற்றிக் குட்டிக் கிழங்குகள் பெருகும். மண்ணிலிருந்து தோண்டி எடுத்து வாரக்கணக்கில் துணியில் சுற்றி வைத்திருந்தாலும் உயிர் போகாது. அதனிடம் உண்பதற்கு ஒன்றுமில்லை, கிழங்கு நஞ்சு. பூ சில நாள்களில் வாடிவிடும்.

சுருங்கச் சொன்னால், எலுமிச்சைக்கு இடம் வேண்டும், காலம் வேண்டும். இரண்டையும் கொடுத்தால் அது பயன் தரும். லில்லி எதையும் கேட்பதில்லை. கண்ணுக்கு அழகைத் தவிர எதையும் தருவதுமில்லை. ஆனால் எலுமிச்சையால் செய்ய முடியாத ஒன்றை அது செய்யும். வேரோடு பிடுங்கி எடுத்துச் சென்றாலும் சென்ற இடத்தில் மீண்டும் பூக்கும்.

இரண்டுமே இந்தத் தீவுக்கு வந்தேறியவை என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். எலுமிச்சை ஒரு கலப்பினம். பிலிப்பைன்ஸ் பக்கத்தைச் சேர்ந்த காட்டு நாரத்தை வகையொன்றும், இமயத்தின் கிழக்கு அடிவாரத்தைத் தாயகமாகக் கொண்ட கடாரங்காய் இனமும் கலந்து பிறந்தது என்று இன்றைய மரபணு ஆய்வுகள் கூறுகின்றன. லில்லியின் தாயகம் தென் அமெரிக்கா. அதன் முதற் கலப்பினத்தை 1799இல் இங்கிலாந்தில் உருவாக்கியவர் ஆர்தர் ஜான்சன் என்னும் கடிகாரம் செய்பவர். பின்னர் ஆங்கிலேயரின் பூந்தோட்டங்கள் சென்ற இடமெல்லாம் இத்தகைய பூக்களும் சென்றன. எலுமிச்சை முந்தி வந்தது; லில்லி பிந்தி வந்தது. அவ்வளவுதான் வேறுபாடு. ஆனால் முந்தி வந்ததை உள்ளூர் என்றும் பிந்தி வந்ததை அந்நியம் என்றும் சொல்வது மனித வழக்கம். மனிதர் விடயத்தில் அந்த வழக்கம் சட்டமாகவே ஆனதைப் பின்னால் பார்ப்போம்.

கண்டி இராச்சியத்தில் பதினேழாம் நூற்றாண்டிலேயே எலுமிச்சையும் தோடையும் இருந்தன என்பதற்கு ராபர்ட் நொக்ஸ் சாட்சி. 1660இல் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரத்தில் பிடிபட்டு, பத்தொன்பது ஆண்டுகள் கண்டி மன்னனின் கைதியாக ஊர்களில் வாழ்ந்தவர் அவர். 1681இல் லண்டனில் வெளியான தமது நூலில், கண்டியர் வளர்த்த பழங்களைப் பட்டியலிடும்போது ஒரு வழக்கத்தையும் குறிப்பிடுகிறார். ஒருவர் வீட்டில் நல்ல பழமரம் இருப்பதை அரச அதிகாரி கண்டால், மன்னன் பெயரால் அம்மரத்தைச் சுற்றி ஒரு கயிற்றைக் கட்டி மூன்று முடிச்சுப் போட்டுவிடுவாராம். அதன் பிறகு நட்டவனே ஆனாலும் அந்தப் பழத்தைத் தொடும் துணிவு அவனுக்கு இராது. மரத்தின் மீது அதிகாரத்தின் கண் எப்போதும் இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா? பூச்செடிக்கு எந்த மன்னனும் முடிச்சுப் போட்டதாக நான் படித்ததில்லை.

மன்னன் போனபின் வந்த ஆங்கிலேயர், மூன்று முடிச்சுக்குப் பதிலாகச் சட்டத்தைக் கொண்டுவந்தனர். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிச் சட்டம், உரிமை நிரூபிக்கப்படாத காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும் அரசுக்கே உரியவை என்று கொண்டது. அவ்வாறு எடுக்கப்பட்ட மலைகள் கோப்பித் தோட்டங்களாயின. சிங்களக் கிராமத்தவர் சேனைப் பயிர் செய்த மேட்டு நிலங்களையும் மாடு மேய்த்த காடுகளையும் இழந்தனர். 1848இல் மாத்தளையில் வெடித்த கிளர்ச்சிக்குப் புதிய வரிகள் உடனடிக் காரணம் என்றாலும், நிலத்தை இழந்த கசப்பும் அதன் அடியில் இருந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், தோட்டத் தொழிலாளரின் காணிப் பசியைப் பேசும் நாம், பக்கத்துக் கிராமத்தானும் ஒருகாலத்தில் பறிகொடுத்தவன் என்பதை மறக்கக் கூடாது. ஆயினும் கிராமத்தவருக்கு வீட்டைச் சுற்றிய தோட்டம் எஞ்சியது. பலா, கமுகு, மிளகு, தெஹி, வாழை எல்லாம் அடுக்கடுக்காக வளரும் கண்டிய வீட்டுத்தோட்டம் இன்று உலக வேளாண் அறிஞர்கள் வந்து பார்த்துச் செல்லும் ஒன்று. மாத்தளையிலும் அது உண்டு. ஓடைக்கு அந்தப் பக்கம் மரங்கள். இந்தப் பக்கம் லயமும் வாசலில் பூக்களும். சிறுவயதில் நான் கண்ட காட்சி இது. ஏன் அப்படி என்று அப்போது கேட்கத் தெரியவில்லை.

நம்மவர் வந்த வரலாறு தெரிந்ததுதான். 1820களில் கோப்பிக்காகத் தொடங்கிய வருகை, பாக்கு நீரிணையைக் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளையை வந்தடைந்தது. வாந்திபேதியாலும் பசியாலும் வழியில் விழுந்தவர்களைப் புதைக்கவும் ஆளில்லாத பாதை அது. (நொக்ஸ் 1679இல் தப்பியோடி, அநுராதபுரம் வழியாக ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்ததும் இதே மன்னார்ப் பக்கத்துக்குத்தான். அவர் விடுதலை தேடிப் போன திசையிலிருந்து நம்மவர் கட்டுண்டு வந்தார்கள்.) நடந்து வந்தவர்களுக்கு மலைநாட்டின் வாசல் மாத்தளைதான். அந்நகரின் முத்துமாரியம்மன் கோவில் அவர்களின் முதல் நன்றிக்கடன்.

கோப்பிக்கு வந்தவர்களுக்கு மரம் நடும் எண்ணம் இருந்திருக்க முடியாது. கோப்பி பருவப் பயிர். பழம் பறிக்கும் காலத்தில் வந்து, சில மாதங்களில் ஊர் திரும்புவது பலரின் வழக்கம். நான்கு ஆண்டு கழித்துக் காய்க்கும் மரத்தை, நான்கு மாதத்தில் திரும்புபவன் ஏன் நடப்போகிறான்? 1869இல் இலைத்துரு நோய் கோப்பியைத் தாக்கிற்று. அடுத்த இருபது ஆண்டுகளில் கோப்பி அழிந்து தேயிலை வந்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும். ஆகவே குடும்பங்களாக வந்து நிலைத்துவிட்டார்கள். மாத்தளையில் தேயிலையோடு இறப்பரும் கொக்கோவும் சேர்ந்துகொண்டன. பயிர் நிரந்தரமாயிற்று, ஆளும் நிரந்தரமானான். அவன் நின்ற நிலம் மட்டும் அவனுடையதாகவில்லை. வேலை போனால் காம்பராவும் போகும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். லயக் காம்பராவின் வழக்கமான அளவு பத்துக்குப் பன்னிரண்டு அடி, அதாவது 120 சதுர அடி. ஓர் எலுமிச்சை மரத்துக்கு விட வேண்டிய இடமோ 25 சதுர மீட்டர். சுமார் 270 சதுர அடி. ஒரு குடும்பம் சமைத்து, உறங்கி, பிள்ளை பெற்று, பிணம் கிடத்திய இடத்தைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகமான இடத்தை ஒரே ஓர் எலுமிச்சை மரம் கேட்கிறது!

எங்கள் லயத்தில் என் தந்தை ஒருமுறை பின்புறத்தில் ஓர் எலுமிச்சைக் கன்று வைத்தார். அது முழங்கால் உயரம் வந்தபோது, தோட்டத்து அலுவலர் ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் பிடுங்கச் சொன்னார். "பூ வேணும்னா வச்சுக்க, மரம் வைக்காதே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, விதி அப்படி என்பது போலச் சாதாரணமாகத்தான் சொன்னார். மரம் வைத்தவன் நாளைக்கு அந்த மண்ணையும் தன்னது என்பான் என்ற அச்சம் அந்தச் சொல்லுக்குள் இருந்ததைப் பின்னாளில் புரிந்துகொண்டேன். அந்த மாலை பெரட்டுக்குப் போய்வந்த என் தந்தை, யாரோடும் பேசாமல் பீலிக்கரையில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது.

பூவுக்கு அந்தத் தடை இருக்கவில்லை. துரை பங்களாவின் தோட்டக்காரர் களைந்தெறிந்த குட்டிக் கிழங்குகள் ஒவ்வொரு லயத்துக்கும் வந்து சேர்ந்தன. டேலியாவும் கல்வாழையும் லில்லியும் வாசல்தோறும் பூத்தன. வெளியூரிலிருந்து வந்தவர்கள், "இவ்வளவு வறுமையிலும் எத்தனை பூ, என்ன இரசனை!" என்று வியந்ததுண்டு. இரசனை உண்மைதான். ஆனால் அது அனுமதிக்கப்பட்ட இரசனை.

எங்கள் தோட்டத்தில் விதிவிலக்காக ஓர் எலுமிச்சை மரம் மட்டும் இருந்தது. அதை வைத்தவர் என் அம்மாயியின் தங்கை. நாங்கள் சின்ன அம்மாயி என்று அழைப்போம். அவர் அதை லயத்தருகில் வைக்கவில்லை; லயக் கோடியில் இருந்த மாரியம்மன் கல்லுக்குப் பக்கத்தில் வைத்து, மஞ்சள் நூலைச் சுற்றிவிட்டார். அம்மனுக்கு எலுமிச்சை மாலை சார்த்துவது வழக்கமாதலால் அது அம்மன் மரமாயிற்று. அதைப் பிடுங்கச் சொல்ல எந்த அலுவலருக்கும் மனம் துணியவில்லை. மாரியம்மன் மீது அவர்களுக்கும் பயம். கண்திருஷ்டி கழிக்கத் தெஹி வெட்டும் வழக்கம் சிங்களவரிடமும் உண்டல்லவா? பல ஆண்டுகள் கழித்து நொக்ஸின் நூலைப் படித்தபோது, எழுதப் படிக்கத் தெரியாத அந்தக் கிழவி, மன்னனின் முடிச்சுக்கு எதிராகத் தன் முடிச்சைப் போட்டிருக்கிறார் என்று தோன்றியது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் எங்கள் மக்களில் சுமார் ஏழு இலட்சம் பேரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேர் பற்றிப் பின்னர் பேசலாம் என்றார்கள். 1974இல் அவர்களையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எங்கள் குடும்பமும் அந்தப் பங்கீட்டில் பிரிந்தது. அம்மாயிக்கு இலங்கை, சின்ன அம்மாயிக்கு இந்தியா.

1978இல் அவர் புறப்பட்டபோது எனக்குப் பத்து வயது. தலைமன்னாருக்குச் செல்லும் அந்த இரயிலுக்கு மக்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. புறப்படுவதற்கு முதல்நாள் சின்ன அம்மாயி எலுமிச்சை மரத்தடிக்குப் போய், கையால் தடவிவிட்டு, ஒரு கூடை காய் பறித்து லயம் முழுவதும் பகிர்ந்தார். பிறகு வாசலில் இருந்த லில்லிகளைத் தோண்டி, ஐந்தாறு கிழங்குகளைப் பழைய சேலைத் துண்டில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார். "மரத்தத் தூக்கிட்டுப் போக முடியுமாடா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் சிரித்தேன். அது சிரிப்பதற்குரிய கேள்வி அல்ல என்பது அன்று தெரியவில்லை. இராமானுஜம் கப்பலில் அவர் இராமேஸ்வரம் போய்ச் சேர்ந்த செய்தி ஒரு மாதத்துக்குப் பின் கடிதத்தில் வந்தது.

இருபது ஆண்டுகள் கழித்து, 1998இல் பத்திரிகை வேலையாகத் தமிழ்நாடு சென்றபோது அவரைத் தேடிக் கோத்தகிரிக்குப் போனேன். தாயகம் திரும்பியோருக்கென்று தமிழ்நாடு அரசு தொடங்கிய டான்டீ தேயிலைத் தோட்டத்தில், மறுபடியும் ஒரு வரிசை வீட்டில் இருந்தார். அங்கே அவர்களுக்குப் பெயர் சிலோன்காரர். சொந்த நாட்டுக்கு வந்தும் காணி சொந்தமில்லை. வாசலில் அதே சிவப்பு லில்லி வரிசையாகப் பூத்திருந்தது. "நம்ம மாத்தளைப் பூ" என்றார். தென் அமெரிக்காவில் பிறந்து, இங்கிலாந்தைச் சுற்றி, இலங்கைத் துரையின் பங்களாவுக்கு வந்து, லயத்துக்கு இறங்கி, நீலகிரிக்கு ஏறிய பூவுக்கு அவர் கொடுத்த ஊர் மாத்தளை. அந்த மரம் இன்னும் காய்க்கிறதா என்று கேட்டார். காய்க்கிறது என்றேன். "இந்தியாவுக்குப் போனவங்க மரம்" என்று லயத்தார் அதை அழைப்பதையும் சொன்னேன். சற்று நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை.

அவர் இப்போது இல்லை. மரமும் வயதாகிப் பட்டுப்போயிற்று. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடு நாடற்றவர் என்ற பெயர் பெரும்பாலும் நீங்கிற்று. ஆனால் குடியுரிமை காகிதத்தில் வந்த வேகத்தில் காணி வரவில்லை. வருகையின் இருநூறாம் ஆண்டை நினைவுகூர்ந்து, 2023 ஜூலை 28இல் தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம் ஆகஸ்ட் 12இல் மாத்தளையில் நிறைவுற்றது. முன்னோர் நடந்த பாதையில் நடந்து வந்தவர்கள் முன்வைத்த கோரிக்கைகளில் காணியுரிமை முதன்மையானது. அதே ஆகஸ்டில், அதே மாத்தளை மாவட்டத்தின் எல்கடுவைப் பகுதித் தோட்டமொன்றில், ஒரு தொழிலாளர் குடும்பம் போட்டிருந்த குடிசையைத் தோட்ட அதிகாரியொருவர் இடித்த காட்சி தொலைபேசிகளில் பரவியது. இருநூறு ஆண்டு நடந்து வந்த தூரம் எவ்வளவு என்று அன்று எண்ணிக்கொண்டேன்.

ஏழு பேர்ச்சுக்கு வருவோம். ஒரு பேர்ச் என்பது ஏறக்குறைய 25 சதுர மீட்டர். அதாவது, ஓர் எலுமிச்சை மரத்துக்கு வேண்டிய இடம் சரியாக ஒரு பேர்ச். 550 சதுர அடி வீடு இரண்டு பேர்ச்சைப் பிடித்துக்கொள்ளும். கழிப்பறை, நடைபாதை, துணி காயப்போடும் இடம், கோழிக்கூடு என்று கழித்தால் என் மருமகளின் கையில் மிஞ்சுவது இரண்டு அல்லது மூன்று பேர்ச். அதில் ஒன்றை ஒரு மரத்துக்குக் கொடுப்பது சிறிய முடிவு அல்ல. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றையும் அவள் சொன்னாள். வீட்டுச் சாவி வந்துவிட்டது. காணி உறுதி இன்னும் கைக்கு வரவில்லை.

இந்த நிலையில் அறிவுள்ளவன் லில்லியைத்தான் நடச் சொல்வான். செலவில்லை, காத்திருப்பில்லை, எழும்பச் சொன்னால் தோண்டி எடுத்துக்கொண்டு போகலாம். நம் மக்கள் நூறாண்டுக்கு மேலாகக் கடைப்பிடித்த அறிவு அது. அந்த அறிவில்தான் எனக்கு மனத்தாங்கல். எடுத்துச் செல்லக் கூடியதை மட்டுமே நடுகிறவர், எந்நாளும் போகத் தயாராக இருப்பதாக அடுத்தவருக்கும் சொல்லிவிடுகிறார், தமக்கும் சொல்லிக்கொள்கிறார்.

இரண்டு வாரம் கழித்துத் தொலைபேசியில் அவளை அழைத்தேன். "எலுமிச்சையையே வை. ஒட்டுக்கன்றாகப் பார்த்து வாங்கு. தண்ணீர் தேங்காத மேட்டில், சுவரை விட்டுத் தள்ளி வை. லில்லியை வேலியோரம் வரிசையாக வைத்துக்கொள், வெங்காயம் என்று பிள்ளைகள் வாயில் வைத்துவிடாமல் பார்த்துக்கொள்" என்றேன். நட்ட தேதியை ஒரு கொப்பியில் எழுதி, கன்றோடு நின்று ஒரு படமும் எடுத்து வைக்கும்படி சொன்னேன். பத்திரிகைக்காரன் புத்தி, எதற்கும் ஆதாரம் வேண்டும்.

"நீங்க போன மறுநாளே வச்சுட்டேன் மாமா," என்றாள். "காய்க்க மூணு வருசம் ஆகுமாம். அதுக்குள்ள உறுதி வந்துரும்னு அவங்க சொல்றாங்க. வராட்டியும் மரம் நிக்கும்ல?"

கன்றைச் சுற்றி மஞ்சள் நூல் கட்டினாயா என்று கேட்க நினைத்தேன்; கேட்கவில்லை. தனக்கென்று ஒரு பேர்ச் மண் உள்ளவளுக்கு அது தேவைப்படக் கூடாது.